எஞ்சின் மெட்டலைக் காப்போம்

கொல்கத்தா என்றதும் பலருக்கு நினைவு வருவது மஞ்சள் டாக்ஸி. அது அம்பாசடர் கார். ஹூக்ளி மாவட்டத்தில் உள்ள உத்தர்பாரா என்னும் ஊரில் இந்தக் கார் செய்யப்பட்டது. செய்தது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை. தொழிற்சாலையின் பெயராலேயே அங்கு ஒரு ரயில் நிலையமும் இருக்கிறது. அதன் பெயர் ஹிந்த் மோட்டார்.

1950களின் கடைசியில் அம்பாசடர் ஓடத் தொடங்கியது. 2014ஆம் ஆண்டு மே மாதம் அதன் உற்பத்தி நின்றது. 2008ஆம் ஆண்டிலேயே கல்கத்தா உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டிருந்தது. 15 ஆண்டைத் தாண்டிய வாடகை வண்டிகளை நகரப் பகுதியிலிருந்து விலக்க வேண்டும் என்றது அந்த உத்தரவு. அதனால் மஞ்சள் டாக்ஸிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தன.

ஆனாலும் இத்தனை ஆண்டுகள் அந்த வண்டிகள் ஓடினவே, எப்படி? பழுது பார்த்துப் பார்த்துத்தான் ஓடின. கொல்கத்தாவில் மல்லிக் பஜார் என்று ஓர் இடம் உண்டு. பழைய கார்ச் சாமான்களுக்குப் பெயர் போன சந்தை அது. ஒரு வண்டியில் கழற்றிய பாகம் அங்கிருந்து இன்னொரு வண்டிக்குப் போகும்.

இப்படி ஓடும் வண்டியில் எஞ்சின் புதிதாக வந்த நிலையில் இருக்காது. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி இருப்பார்கள். கிராங்கைச் சாணை பிடித்திருப்பார்கள். பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றியிருப்பார்கள். இவற்றையே மாற்றம் செய்த எஞ்சின் என்கிறோம்.

மாற்றம் செய்வது தவறல்ல. முறையாகச் செய்யாவிட்டால் முதலில் அடிபடுவது ஒரு சிறிய பாகம். அதன் பெயர் பேரிங். பட்டறையில் அதை மெட்டல் என்பார்கள். அது போனால் எஞ்சின் நின்றுவிடும். வண்டி நின்றால் அன்றாடக் கூலி நின்றுவிடும். ஆகவே மெட்டலைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

மெட்டல் என்பது எது?

சைக்கிள் சக்கரத்தில் இருக்கும் பேரிங்கை நாம் பார்த்திருக்கிறோம். அதில் சிறிய இரும்புக் குண்டுகள் உருளும். எஞ்சினுக்குள் இருக்கும் மெட்டலில் குண்டுகள் இல்லை. ஒரு குழாயை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்தால் எப்படி இருக்கும்? அப்படி இரண்டு அரை வட்டத் தகடுகள். அவ்வளவுதான்.

தகட்டின் முதுகு எஃகு. உட்புறம் மென்மையான உலோகப் பூச்சு. வெள்ளீயம், ஈயம், செம்பு, அலுமினியம் போன்றவற்றைக் கலந்து இந்தப் பூச்சைச் செய்கிறார்கள்.

எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. கனெக்டிங் ராடு அதைக் கிராங்குடன் இணைக்கிறது. கிராங்கு சுற்றுகிறது. அந்தச் சுற்றுதான் கடைசியில் சக்கரத்துக்குப் போகிறது. கிராங்கு தாங்கி நிற்கும் இடத்தில் இருப்பது மெயின் மெட்டல். கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இருப்பது பிக் எண்ட் மெட்டல்.

அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி. அளவுள்ளது. அதில் 4 சிலிண்டர்கள். எனவே பிக் எண்ட் மெட்டல் 4 ஜோடி. மெயின் மெட்டல் 3 ஜோடி மட்டுமே. பின்னால் வந்த பல கார்களில் மெயின் மெட்டல் 5 ஜோடி இருக்கிறது. 5 பேர் சுமக்கும் சுமையை 3 பேர் சுமப்பது போன்றது இது. அதனால் பழைய எஞ்சினில் கவனம் கூடுதலாக வேண்டும்.

எவ்வளவு வேலை!

எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வினாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு பிஸ்டன் மேலும் வினாடிக்கு 25 முறை வெடிப்பின் அடி விழுகிறது. அந்த அடி முழுவதையும் மெட்டல்தான் தாங்குகிறது.

இரும்பும் உலோகமும் இப்படி உரசினால் நொடியில் சூடேறி ஒட்டிக்கொள்ளாதா? ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவை உரசுவதில்லை. நடுவில் ஆயில் இருக்கிறது.

கிராங்குக்கும் மெட்டலுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி உண்டு. அது நம் தலைமுடியின் கனத்தை விடக் குறைவு. அந்த இடைவெளியில் ஆயில் நிற்கிறது. கிராங்கு சுற்றும்போது ஆயிலை இழுத்துக்கொண்டு போகிறது. ஆயில் ஆப்பு போல நுழைந்து கிராங்கைத் தூக்கிப் பிடிக்கிறது. கிராங்கு ஆயிலின் மேல் மிதக்கிறது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பீச்சம் டவர். 1883ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வு வெளிவந்தது. ரயில் அச்சுகளுக்கு எப்படி ஆயில் போடுவது என்று அவர் சோதித்துப் பார்த்தார். ஆயில் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் மேல் ஒரு துளை போட்டார். அச்சு சுற்றியதும் அந்தத் துளை வழியாக ஆயில் மேலே பொங்கி வந்தது. அவர் தக்கையால் அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையால் அடைத்தார். அதுவும் வெளியே வந்தது. அப்போதுதான் ஆயிலுக்குள் பெரும் அழுத்தம் பிறக்கிறது என்பது தெரிந்தது. 1886ஆம் ஆண்டில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிஞர் கணக்குப் போட்டு அதற்குக் காரணம் சொன்னார்.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று. மெட்டலைக் காப்பது ஆயில்தான். ஆயில் படலம் அறுந்தால் மெட்டல் போய்விடும்.

மெட்டல் ஏன் கெடுகிறது?

ஆயில் குறைவது முதல் காரணம். எஞ்சினின் அடியில் உள்ள தொட்டிக்குச் சம்ப் என்று பெயர். அதில் ஆயில் குறைந்தால், வண்டி வளைவில் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். சில வினாடி போதும். மெட்டல் கருகிவிடும்.

அடுத்தது அழுக்கு. தூசி, மணல், உலோகத் துகள் ஆகியவை ஆயிலில் கலந்து மெட்டலைக் கீறும். சிறு துகளை மென்மையான பூச்சு தன்னுள் அமுக்கிக்கொள்ளும். பெரிய துகள் வந்தால் கிராங்கிலும் கீறல் விழும்.

ஆயில் நீர்த்துப் போவதும் கெடுதல். டீசல் எஞ்சினில் இஞ்செக்டர் சொட்டினால் டீசல் சம்புக்குள் இறங்கும். ஆயில் தண்ணீர் போல் ஆகிவிடும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறுகிறதா? மகிழ வேண்டாம். ஆயில் ஊறாது. டீசலோ தண்ணீரோ கலந்திருக்கிறது என்று பொருள்.

மழைத் தண்ணீரும் ஆபத்து. கொல்கத்தாவில் பெருமழை பெய்தால் தாந்தனியா, ஆம்ஹர்ஸ்ட் வீதி போன்ற இடங்களில் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீரில் வேகமாக ஓட்டினால் காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகும். தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வளைந்த ராடு மெட்டலை ஒரு பக்கமாகத் தேய்க்கும். தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் திரும்பத் திரும்பச் செல்ஃப் அடிக்கக் கூடாது. தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

அளவுக்கு மீறிய சுமையும் வேகமும் மெட்டலைக் கெடுக்கும். எஞ்சின் வேகம் 2 மடங்கு ஆனால், பிஸ்டனும் ராடும் இழுக்கும் விசை 4 மடங்கு ஆகும். பழைய எஞ்சினைக் கூட்டி வைத்து விரட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

மாற்றம் செய்யும்போது கவனிக்க வேண்டியவை

கிராங்கு தேய்ந்தால் சாணை பிடிப்பார்கள். பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று பட்டறையில் அளவு சொல்வார்கள். பத்து என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு. அதாவது ஏறக்குறைய கால் மில்லி மீட்டர். கிராங்கு எவ்வளவு குறைகிறதோ, அதற்கேற்ற கனமான மெட்டல் போட வேண்டும். மெட்டலின் முதுகில் அளவு பொறித்திருக்கும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. முதுகைப் பார்க்க வேண்டும்.

சாணை பிடித்தபின் கிராங்குக்குள் உள்ள ஆயில் துளைகளில் இரும்புத் தூள் தங்கும். மாற்றிய எஞ்சின் பல சில நாளிலேயே கெடுவதற்கு இதுவே காரணம். அடைப்பான்களைக் கழற்றி, கம்பித் தூரிகை விட்டு, மண்ணெண்ணெயால் கழுவி, காற்று அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். சிலிண்டர் பிளாக்கில் உள்ள ஆயில் வழிகளையும் அப்படியே சுத்தம் செய்ய வேண்டும்.

டீசல் எஞ்சின் ஏற்றும்போது வேறொரு சிக்கல் வரும். பெட்ரோல் எஞ்சின் தன் கலவையை ஏறக்குறைய 7 அல்லது 8 மடங்கு சுருக்குகிறது. பழைய டீசல் எஞ்சின் காற்றை 20 மடங்குக்கு மேல் சுருக்குகிறது. அதன் அடி பலமானது. அதற்கென்று செய்த கிராங்கும் மெட்டலும்தான் அதைத் தாங்கும்.

புதிய எஞ்சின் வண்டியின் சட்டத்தில் உட்காராவிட்டால் சம்பை வெட்டி ஒட்டுவார்கள். அப்போது மூன்றைப் பார்க்க வேண்டும். ஆயில் உறிஞ்சும் குழாய் சம்பின் அடிக்கு அருகில் சரியாக நிற்கிறதா? ஆயில் அளவு முன்போல் பிடிக்கிறதா? டிப் ஸ்டிக்கின் கோடு புதிய சம்புக்குப் பொருந்துகிறதா? கோடு பொய் சொன்னால் ஓட்டுநர் ஏமாந்து போவார்.

ரேடியேட்டரும் போதுமானதாக இருக்க வேண்டும். எஞ்சின் அதிகம் சூடானால் ஆயில் இளகும். இளகிய ஆயிலின் படலம் எளிதில் அறும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. எஞ்சினையோ எரிபொருள் வகையையோ மாற்றுவதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஆர்.சி. புத்தகத்திலும் அதைப் பதிய வேண்டும்.

மெட்டல் மாட்டும் முறை

மெட்டல் மாட்டும் இடம் சமையலறை போல் சுத்தமாக இருக்க வேண்டும். மெட்டலின் முதுகைத் துடைத்து உலர்ந்த நிலையில் உட்கார வைக்க வேண்டும். உட்புறம் மட்டும் ஆயில் தடவ வேண்டும். மெட்டலின் துளை ஆயில் வரும் துளைக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேராக இல்லாவிட்டால் ஆயில் வராது.

ஒரு ராடின் மூடியை இன்னொரு ராடுக்குப் போடக் கூடாது. கழற்றும்போதே எண் போட்டு வைக்க வேண்டும். போல்ட்டுகளைக் கையளவில் முறுக்காமல், முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனரால் முறுக்க வேண்டும். ஒவ்வொரு மூடியையும் முறுக்கியபின் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகினால் அங்கேயே நிறுத்திக் காரணம் தேட வேண்டும்.

இடைவெளியை அளக்க ஓர் எளிய வழி உண்டு. அதற்கென்று மெல்லிய மெழுகு போன்ற பிளாஸ்டிக் நூல் விற்கிறார்கள். அதைக் கிராங்கின் மேல் வைத்து மூடியை முறுக்க வேண்டும். பிறகு கழற்றிப் பார்த்தால் நூல் நசுங்கியிருக்கும். நசுங்கிய அகலத்தை அதனுடன் வரும் அளவுத் தாளோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும்.

சில பட்டறைகளில் குறுக்கு வழி காட்டுவார்கள். ஓர் ஓட்டுநருக்கும் மிஸ்திரிக்கும் இடையே இப்படிப் பேச்சு நடக்கலாம்.

"மிஸ்திரி தாதா, மெட்டல் ஆடுகிறது. பின்னால் காகிதம் வைத்து இறுக்கிவிடுங்கள். நாளைக்கே வண்டி வேண்டும். முதலாளிக்கு வாடகை கட்ட வேண்டும்."

"காகிதம் வைத்தால் நாளைக்கு வண்டி ஓடும் தம்பி. ஆனால் மெட்டலின் சூடு வெளியே போக வழியில்லை. சில நாளில் கிராங்கே போய்விடும். மூடியை ராவுவதும் அப்படித்தான். இன்னும் இரண்டு நாள் பொறுத்துக்கொள். கிராங்கை அளந்து, சரியான மெட்டல் போட்டுத் தருகிறேன்."

"இரண்டு நாள் கூலி போகுமே தாதா!"

"இரண்டு நாள் கூலி பெரிதா, இரண்டு மாதக் கூலி பெரிதா?"

மிஸ்திரி சொல்வது சரியான கணக்கு. மெட்டல் மட்டும் போனால் செலவு சிறியது. கிராங்கும் சேர்ந்து போனால் செலவு பெரியது. ராடு உடைந்து பிளாக்கைப் பிளந்தால் எஞ்சினே போய்விடும்.

முதல் முறை ஓட்டும்போது

வேலை முடிந்த எஞ்சினை உடனே கிளப்பக் கூடாது. ஆயில் வழிகள் காலியாக இருக்கும். பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட வேண்டும். டீசல் எஞ்சினில் டீசலை நிறுத்திவிட வேண்டும். பிறகு சிறிது சிறிதாகச் செல்ஃப் அடித்துச் சுற்ற வேண்டும். ஆயில் அழுத்தம் வந்தபின் கிளப்ப வேண்டும்.

தொடக்கத்தில் விரட்டாமல், அதிகச் சுமை ஏற்றாமல் ஓட்ட வேண்டும். முதல் ஆயிலை வழக்கத்தை விடச் சீக்கிரம் மாற்ற வேண்டும். புதிய பாகங்கள் தேயும்போது வரும் துகள்கள் அதில் இருக்கும்.

அன்றாடக் கவனம்

காலையில் வண்டி எடுக்கும் முன் டிப் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஸ்டிக்கைத் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். மட்டம் இரண்டு கோடுகளுக்கு இடையே இருக்க வேண்டும். ஆயில் பால் கலந்த தேநீர் போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டீசல் வாடை அடித்தால் டீசல் கலந்திருக்கிறது. மினுமினுப்பு தெரிந்தால் உலோகத் துகள் கலந்திருக்கிறது. மூன்றில் எது இருந்தாலும் வண்டியை எடுக்காமல் மிஸ்திரியிடம் காட்ட வேண்டும்.

ஆயிலை மாற்றும்போது ஃபில்டரையும் மாற்ற வேண்டும். ஹவுரா, சியால்தா ரயில் நிலையங்களில் டாக்ஸி வரிசையில் எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றால் கிலோ மீட்டர் ஏறாது. ஆனால் ஆயில் உழைக்கிறது. ஆகவே நகர டாக்ஸிக்குக் கிலோ மீட்டரை மட்டும் நம்பாமல் சீக்கிரமே ஆயில் மாற்றுவது நல்லது. எந்த ஆயில் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். எஞ்சின் மாற்றிய வண்டியில் காரின் புத்தகத்தைப் பார்க்கக் கூடாது. ஏற்றிய எஞ்சினின் புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் சொல்லும் எச்சரிக்கை

மெட்டல் போகும் முன் எஞ்சின் சொல்லிவிடும். நாம் காது கொடுக்க வேண்டும்.

நடு வேகத்தில் "டக் டக்" என்று தட்டும் சத்தம் கேட்டால் பிக் எண்ட் மெட்டலைச் சந்தேகிக்கலாம். மேட்டில் ஏறும்போது "தொம் தொம்" என்று கனத்த சத்தம் கேட்டால் மெயின் மெட்டலைச் சந்தேகிக்கலாம்.

எஞ்சின் சூடானபின் வண்டி நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்கினால் அதுவும் எச்சரிக்கையே. அழுத்தம் மிகவும் குறைந்த பிறகுதான் அந்த விளக்கு எரியும். எனவே ஓடும்போது விளக்கு எரிந்தால் "வீடு போய்ப் பார்ப்போம்" என்று இருக்கக் கூடாது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகும் செலவு, கிராங்கு வாங்கும் செலவை விடக் குறைவு.

சத்தத்தை மறைக்கக் கெட்டியான ஆயில் ஊற்றும் பழக்கமும் உண்டு. சத்தம் சில நாள் குறையும். தேய்ந்த மெட்டல் வளராது.

மெட்டலின் கனம் சில மில்லி மீட்டர்தான். வண்டியின் ஓட்டமும் ஒரு குடும்பத்தின் வருமானமும் அதைச் சார்ந்து இருக்கின்றன. சுத்தம், சரியான அளவு, நல்ல ஆயில் ஆகிய மூன்றும் இருந்தால் மாற்றம் செய்த எஞ்சினும் நெடுநாள் உழைக்கும்.

நினைவில் கொள்வோம்

1. தினமும் ஆயில் மட்டம் பார்ப்போம்.
2. ஆயிலுடன் ஃபில்டரையும் மாற்றுவோம்.
3. சாணை பிடித்த கிராங்கின் துளைகளைச் சுத்தம் செய்வோம்.
4. மெட்டலின் பின்னால் காகிதம் வைக்க மாட்டோம்.
5. ஆயில் விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்துவோம்.

பேசிப் பார்ப்போம்

1. கிராங்கும் மெட்டலும் உரசாமல் இருப்பது எதனால்?
2. டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறினால் என்ன பொருள்?
3. சம்பை வெட்டி ஒட்டினால் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?
4. உங்கள் ஊரில் ஆட்டோ, டிராக்டர், பம்ப் செட் எஞ்சின்களில் மெட்டல் போனது உண்டா? காரணம் என்ன என்று மெக்கானிக்கிடம் கேட்டு எழுதுங்கள்.